தலையில் அடி... 'நல்லாத்தான் பேசுறாரு' என்று விட்டுவிடலாமா? யார்டு விபத்துகளில் முதல் ஒரு மணி நேரம் ஏன் முக்கியம்?

கம்பி யார்டில் கிரேன் திரும்புகிறது. தொங்கிக்கொண்டிருந்த கட்டு லேசாக ஆடி, கீழே நின்றவரின் பக்கத்தலையில் இடிக்கிறது. ஆள் சாய்ந்து விழுகிறார். அரை நிமிஷத்தில் கண் திறக்கிறார். எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணும் இல்லண்ணே, லேசாத்தான் பட்டுச்சு" என்கிறார். சோடா வருகிறது, டீ வருகிறது. "போய் ஷெட்ல கொஞ்ச நேரம் படுப்பா" என்று சூப்பர்வைசர் அனுப்பிவைக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு எழுப்பப் போனால், எழவில்லை.

ஏதோ ஒரு யார்டில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லவில்லை. எந்த யார்டிலும் நடக்கக்கூடிய வரிசை இது. மூளை அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு அத்துப்படியான வரிசையும்கூட. அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் அந்த நடு நேரத்துக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது: 'தெளிவான இடைவெளி'.

கன்டெய்னர் யார்டு, கம்பி யார்டு, பழைய இரும்பு யார்டு, லாரி ஷெட், கப்பல் துறை என்று கனமான பொருள் தலைக்கு மேலே நகரும் இடங்களில் வேலை பார்ப்பவரா நீங்கள்? இல்லை, உங்கள் வீட்டில் யாராவது அங்கே வேலைக்குப் போகிறார்களா? அப்படியானால் இந்த இடைவெளியைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அந்த இடைவெளியில் உள்ளே என்ன நடக்கிறது?

'பொட்டில் அடித்தாற்போல' என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. காதுக்கு முன்னால், கண்ணுக்குப் பக்கவாட்டில் இருக்கும் அந்த நெற்றிப்பொட்டு எலும்பு மண்டையிலேயே மெல்லிய பகுதிகளில் ஒன்று. அதன் உள்பக்கத்தை ஒட்டியபடி ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அந்தக் குழாயும் கிழியலாம். கிழிந்தால், மண்டை எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவில் ரத்தம் தேங்கத் தொடங்கும்.

அடி பட்ட அதிர்ச்சியில் முதலில் மயக்கம் வருகிறது. அது தெளிந்துவிடுகிறது. ஆனால் உள்ளே கசிவு நிற்கவில்லை. மண்டை ஓடு மூடிய பெட்டி. வயிற்றைப் போல அது விரிந்துகொடுக்காது. தேங்கும் ரத்தத்துக்கு இடம் வேண்டுமானால் மூளைதான் நகர வேண்டும். ஓரளவு வரை மூளை தாங்கும், அந்த நேரம் முழுக்க ஆள் சாதாரணமாகத்தான் இருப்பார். அந்த அளவைத் தாண்டியதும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், மயக்கம் என்று சரசரவென இறங்கிவிடும். சிலருக்குச் சில நிமிஷங்களில், சிலருக்குச் சில மணி நேரத்தில்.

எல்லாத் தலைக்காயமும் இப்படி நடந்துகொள்வதில்லை. பலருக்கு இந்த இடைவெளியே இருக்காது, முதலிலிருந்தே மயக்கம்தான். ஆனால் இந்த வகையைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நேரத்துக்கு மண்டையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்துவிட்டால் ஆள் முழுதாக மீண்டு வர நல்ல வாய்ப்புள்ள காயம் இது. மூளைக்கு நேரடியாக அடி விழாமலேயே ஒருவர் இறந்துபோவது தாமதத்தால்தான்.

'கண் முழிச்சிட்டான், பேசுறான்' போதாதா?

தலைக்காயத்தை அளக்க உலகம் முழுக்க மருத்துவமனைகளில் ஓர் அளவுகோல் உண்டு. 1974-இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் உருவாக்கியது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. குறைந்தபட்சம் 3. எட்டு அல்லது அதற்குக் கீழே போனால் கடுமையான காயம். 13 முதல் 15 வரை லேசான காயம் என்று வகைப்படுத்துவார்கள்.

நம் கதையில் டீ குடித்தவருக்கு 15-க்கு 15 கிடைத்திருக்கும். அதனால்தான் மருத்துவர்கள் அந்த ஒரு மதிப்பெண்ணோடு நிறுத்துவதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் பார்க்கிறார்கள், குறைகிறதா என்று. கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியதா, அடிபட்டதற்கு முன்னும் பின்னும் நடந்தது ஞாபகம் இருக்கிறதா, வாந்தி எடுத்தாரா என்று கேட்கிறார்கள். இதில் ஏதாவது இருந்தால் சிடி ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். சூப்பர்வைசர் அல்ல.

நம் ஊர் யார்டுகளில் இதைக் குழப்பும் விஷயங்கள் இரண்டு.

ஒன்று மொழி. ஒடிசாவிலிருந்தோ பிஹாரிலிருந்தோ வந்த தொழிலாளி அடிபட்டு ஏதோ சொல்கிறார். சூப்பர்வைசருக்கு அது இந்தியா, ஒடியாவா என்றே தெரியாது. அந்த ஆள் தெளிவாகப் பேசுகிறாரா, உளறுகிறாரா என்று எப்படித் தெரியும்? "பேசிட்டுத்தான் இருக்கான் சார்" என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். அந்தப் பேச்சு சம்பந்தம் இல்லாத உளறலாக இருந்தால் அளவுகோலில் மதிப்பெண் குறையும், சிகிச்சையின் வேகமே மாறும். அவர் மொழி தெரிந்த ஒரு கூட்டாளியை ஆம்புலன்ஸில் கூட அனுப்புவது சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் மருத்துவருக்கு அந்த ஆள் ஒரு கருவி மாதிரி.

இன்னொன்று மது. சாயங்கால ஷிஃப்டில் ஒருவர் தள்ளாடினால், வாய் குழறினால், "தண்ணி போட்டிருக்கான், விடு, தூங்கட்டும்" என்பார்கள். மூளையில் ரத்தம் தேங்கினாலும் தள்ளாட்டம்தான், குழறல்தான். குடித்திருந்தாலும் தலையில் அடி பட்டிருந்தால் அதைத் தலைக்காயம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். குடித்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நீண்ட நாள் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு ரத்தம் உறைவது மெதுவாக நடக்கும்.

கழுத்தை மறந்துவிடுகிறோம்

தலையில் ரத்தம் வந்தால் எல்லோரும் ரத்தத்தைத்தான் பார்க்கிறோம். தலையில் விழுந்த அதே அடி கழுத்து வழியாகத்தான் உடம்புக்கு இறங்குகிறது என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

கழுத்தில் ஏழு எலும்புகள். நடுவில் கிட்டத்தட்ட நம் சுண்டுவிரல் தடிமனில் தண்டுவடம். கைகால் அசைவு, தொடு உணர்ச்சி, சிறுநீர் கட்டுப்பாடு எல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது. மூன்று, நான்கு, ஐந்தாவது நிலைகளிலிருந்து கிளம்பும் நரம்புகள்தான் மூச்சு வாங்க உதவும் உதரவிதானத்தை இயக்குகின்றன. அதற்கு மேலே தண்டுவடம் துண்டானால் மூச்சே நின்றுவிடும்.

எலும்பு உடைந்திருக்கலாம், தண்டுவடம் இன்னும் நன்றாக இருக்கலாம். இந்த நிலையில் இருப்பவரை நாம் எப்படித் தூக்குகிறோம்? ரெண்டு பேர் கையை, ரெண்டு பேர் காலை. தலை பின்னால் தொங்கும். அப்படியே குட்டியானையிலோ ஷேர் ஆட்டோவிலோ உட்காரவைத்து, தோளில் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் தலை ஆட ஆட ஆஸ்பத்திரி. விபத்தில் தப்பித்த தண்டுவடம் இந்தப் பயணத்தில் நசுங்கலாம். உதவ வந்தவர்கள் மேல் தப்பில்லை, யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அப்போ என்னதான் செய்வது?

முதலில் மேலே பாருங்கள். தொங்கும் சுமை இன்னும் அங்கேயே தொங்குகிறதா, கரன்ட் இருக்கிறதா, ஃபோர்க்லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறதா? கிரேனை நிறுத்தச் சொல்லாமல் ஓடிப்போய் இரண்டாவது ஆளும் அடிபடுவது யார்டுகளில் புதிதல்ல.

108-க்கு அடியுங்கள். "தலையிலயும் கழுத்துலயும் அடி" என்று சொல்லுங்கள், கேட் நம்பர் சொல்லுங்கள், மெயின் ரோட்டில் ஒருவரை நிற்க வையுங்கள். பெரிய யார்டுக்குள் கன்டெய்னர் வரிசைகளுக்கு நடுவில் ஆம்புலன்ஸ் வழி தேடிச் சுற்றினால் கிடைத்த நேரமெல்லாம் போய்விடும்.

அடிபட்டவர் எழ முயன்றால், "அசையாதீங்க, அப்படியே இருங்க" என்று சொல்லி, ஒருவர் அவர் தலைமாட்டில் முட்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையின் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுக்கக் கூடாது, திருப்பக் கூடாது. பிடித்த கையை ஆம்புலன்ஸ் ஆள் வந்து வாங்கிக்கொள்ளும் வரை விடவே கூடாது. செய்ய வேண்டியவற்றில் முக்கியமானது இதுதான். பயிற்சி இல்லாதவரும் செய்யலாம்.

தலைக்கு அடியில் துணி சுருட்டி வைக்காதீர்கள், கழுத்து மடங்கும். தண்ணீர், சோடா, டீ எதுவும் வேண்டாம். வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போகும், அறுவை சிகிச்சைக்கும் வெறும் வயிறுதான் வசதி. வாந்தி வந்தே விட்டால் தலை, தோள், இடுப்பு மூன்றையும் ஒரே நேரத்தில், மரக்கட்டையை உருட்டுவது மாதிரி, பக்கவாட்டில் திருப்ப வேண்டும். இதற்கு மூன்று நான்கு பேர் தேவை. தலையைப் பிடித்திருப்பவர்தான் எண்ணிக்கை சொல்ல வேண்டும்.

தலைத்தோலில் ரத்தம் நிறைய வரும், பார்க்கவே பயமாக இருக்கும். சுத்தமான துணியை வைத்து அழுத்தினாலே பெரும்பாலும் நிற்கும். கைக்கு எலும்பு உள்ளே அமுங்கியது போலத் தெரிந்தாலோ, கம்பி ஏதாவது குத்திக்கொண்டு நின்றாலோ அந்த இடத்தில் அழுத்தக் கூடாது, பிடுங்கவும் கூடாது. சுற்றிலும் துணி வைத்து அப்படியே விடுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் அப்ப வேண்டாம். அப்பினால் தையல் போடும் முன் அதைக் கழுவி எடுப்பதற்கே நேரம் போகும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது நம் ஊர் வழக்கம். இரும்பு யார்டில் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் அதனால் வலிப்பு நிற்காது. பக்கத்தில் இருக்கும் கூர்மையான பொருள்களை அகற்றிவிட்டு, தலை தரையில் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூச்சே இல்லை என்றால் கணக்கு மாறிவிடும். அப்போது கழுத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க முடியாது, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கியாக வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரி?

பக்கத்துத் தெரு கிளினிக்கில் நாலு தையல் போட்டு, ஒரு டிடி ஊசி போட்டு அனுப்பிவிடுவது எளிது. தையல் போட்டதும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். ஆனால் தோலில் இருக்கும் காயத்துக்கும் உள்ளே இருக்கும் காயத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் வெளியே வராமலே உள்ளே கசியலாம். சிடி ஸ்கேன் இருக்கும் இடத்துக்குப் போவதுதான் சரி.

ஸ்கேன் எடுத்து, பரவாயில்லை என்று அனுப்பிவிட்டாலும் முதல் 24 மணி நேரம் ஒருவர் கூட இருக்க வேண்டும். தூங்கவே விடக் கூடாது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. தூங்கலாம், ஆனால் எழுப்பினால் வழக்கம்போல் எழ வேண்டும். பத்துப் பேர் தங்கும் ரூமில், ஒன்பது பேர் நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் யார் எழுப்புவது? இதைக் கான்ட்ராக்டரிடம் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், இரண்டு கண்மணிகளும் வேறு வேறு அளவில் இருப்பது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிவது, காதுக்குப் பின்னால் கன்றிப்போவது, வலிப்பு. இதில் ஒன்று தெரிந்தாலும் திரும்ப ஆஸ்பத்திரிக்கு.

கழுத்துக்கும் இதேபோல அறிகுறிகள் உண்டு. கை விரல்களில் மதமதப்பு, கழுத்தை அசைத்தால் கரன்ட் அடித்த மாதிரி இறங்குவது, கையில் பிடி நழுவுவது. இதைச் 'சுளுக்கு' என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவுவது, சலூனில் சடக்கென்று திருப்பிவிடச் சொல்வது இரண்டும் வினையில்தான் முடியும். அடிபட்ட கழுத்தை ஸ்கேன் பார்க்காமல் யாரும் தொட்டுத் திருப்பக் கூடாது.

வயதானவர்கள், ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இவர்களுக்கு மெதுவாகக் கசிந்து, சில வாரங்கள் கழித்துக்கூட மறதி, தள்ளாட்டம் என்று வெளியே தெரியலாம். அதற்குள் அடிபட்டதையே எல்லோரும் மறந்திருப்பார்கள். வாட்ச்மேன் வேலை பார்க்கும் பெரியவர்கள் விஷயத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் போட்டிருந்தும் ஏன்?

அரை கிலோ ஸ்பேனர் ஒன்று 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரைக்கு வரும்போது வேகம் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர். அதன் ஆற்றல் சுமார் 49 ஜூல். ஐரோப்பாவின் தொழிலக ஹெல்மெட் தரமான இஎன் 397-இல் 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிப்பார்கள். அதுவும் 49 ஜூல்தான். அதாவது அரை கிலோ ஸ்பேனருக்கே ஹெல்மெட் தன் சோதனை அளவைத் தொட்டுவிடுகிறது. கப்பலிலிருந்து இறக்கும் கன்டெய்னரின் அடியில் சிக்கிக்கொண்டு வரும் ட்விஸ்ட்லாக் அதைப் போலப் பல மடங்கு எடை. கம்பிக் கட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஹெல்மெட் வீண் என்று சொல்லவில்லை. போல்ட், நட், ஓடு, குனிந்து நிமிரும்போது இடிக்கும் பீம் என்று தினமும் நடக்கும் அடிகளிலிருந்து அது காப்பாற்றுகிறது. ஆனால் உச்சந்தலையில் கனமாக ஒன்று விழுந்தால், மண்டை தப்பித்தாலும் அந்த விசை நேராகக் கழுத்தெலும்புக்குத்தான் இறங்கும். அதனால் ஹெல்மெட் போட்டவருக்கும் கழுத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். தொங்கும் சுமைக்குக் கீழே யாரும் நிற்காதபடி பார்த்துக்கொள்வது ஹெல்மெட்டை விடப் பெரிய பாதுகாப்பு. அது முதலாளியின் பொறுப்பு.

உள்ளே இருக்கும் பட்டைகளும் ஓடும் தொடாமல் கொஞ்சம் இடைவெளி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அடியை வாங்கிக்கொள்ளும் இடம் அது. அதில் பீடிக்கட்டையோ செல்போனையோ செருகிவைத்தால் வேலை கெட்டுவிடும். தாடைப் பட்டை போடாவிட்டால் லாரி மேலிருந்து விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட் போய்விடும். தார்ப்பாய் கட்ட லோடு மேல் ஏறுபவர்கள் மூன்றரை மீட்டரிலிருந்து விழுந்தாலே மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறார்கள். பலமான அடி ஒன்று வாங்கிய ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

ஒரு விஷயம். தொழிலக ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 2925. டூவீலர் ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151. இரண்டும் வேறு வேறு. வேலை முடிந்து மஞ்சள் ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு பைக்கில் வீட்டுக்குப் போவது போலீஸுக்காக வேண்டுமானால் இருக்கலாம், தலைக்காக இல்லை.

'பைக்ல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லு'

ஆஸ்பத்திரி வாசலில் இப்படி ஒரு குரல் கேட்டால் உஷாராகிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் அடிபட்டவர் வந்ததும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். என்று அங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது, யார் கூட்டிவந்தார்கள் என்று அதில் பதிவாகும். வேலையிடத்தில் நடந்ததைச் சாலை விபத்து என்றோ, வீட்டில் வழுக்கி விழுந்தது என்றோ எழுதவைத்துவிட்டால், பின்னால் இழப்பீடு கேட்கும்போது உங்களுக்கு எதிராக நிற்கப்போகும் முதல் காகிதம் அதுதான். அடிபட்டவர் மயக்கத்தில் இருக்கும்போது கூட வந்தவர் சொல்வதுதான் எழுதப்படும். அதனால் மொழி தெரிந்த அந்தக் கூட்டாளி இங்கேயும் தேவை. ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இஎஸ்ஐ இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். வேலையிட விபத்துக்கு, சேர்ந்த முதல் நாளிலேயே அடிபட்டிருந்தாலும் பலன் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். இறந்துவிட்டால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை.

இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம்தான் இத்தனை காலமாக இருந்தது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அது இப்போது வந்துவிட்டது. கணக்குப் போடும் முறை மாறவில்லை. இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதி, நிரந்தரமாக முழு ஊனம் என்றால் 60 சதவீதம். அதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், மரணத்துக்கு 15,59,850 ரூபாய். கழுத்துக்குக் கீழே செயலிழந்து படுத்துவிட்டால் 18,71,820 ரூபாய்.

"ஹெல்மெட் போடல, குடிச்சிருந்தான், அதனால காசு கிடையாது" என்று சொல்வார்கள். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்தக் காரணம் செல்லாது. அதைவிடக் குறைந்த காயங்களில்தான் அந்த வாதத்தை எடுக்க முடியும். "அவன் எங்க ஆள் இல்ல, கான்ட்ராக்டர் ஆள்" என்பதும் முழுத் தப்பிப்பு அல்ல. வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம்.

இன்னொன்று நடக்கும். உடலை ஊருக்கு அனுப்பும் அவசரத்தில், கையில் ஒரு தொகையைக் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். மரணத்துக்கான இழப்பீட்டை இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகள்தான் அந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள். நேராகக் கையில் கொடுத்த பணம், சின்ன முன்பணம் தவிர, இழப்பீடு கொடுத்ததாகக் கணக்கில் வராது. 'இனி உரிமை கோர மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தக் காகிதம் செல்லாது. விபத்து நடந்த நாளிலிருந்தோ, இறந்த நாளிலிருந்தோ இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்துவிட்ட குடும்பம் அங்கிருந்தபடியே, தாங்கள் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமும் போடலாம்.